முதல் மழை வரும்வரை வீடு பிடிக்காதீர்கள்

கல்லூரி முடித்து ஜூன் மாதம் சென்னைக்குக் கிளம்பும் தேவதானப்பட்டிப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எங்கேயும் பார்க்க வேண்டாம் என்பதே என் பதில். அக்டோபர் மழை ஒரு தடவை நின்று கொட்டட்டும், அதற்குப் பிறகு பாருங்கள். அதுவரைக்கும் விடுதியோ மேன்ஷனோ சித்தப்பா வீட்டு மாடி அறையோ, எதுவானாலும் சரி. நினைத்த மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறக்கூடிய இடமாக இருந்தால் போதும்.

காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் மலையில் பெய்வது மஞ்சளாற்றில் இறங்கி ஓடிவிடும். சென்னை தட்டையான கடலோர ஊர். அதன் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் விழுந்துவிடுகிறது. ஜூன் மாத வெயிலில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் காய்ந்து, சுத்தமாகத்தான் இருக்கும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பெரும்பாக்கத்திலும் நல்ல காற்றோட்டமான தரைத்தள வீடு கிடைக்கும், வாடகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரை உடைத்தபோதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதிகளில் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. ஜூனில் முன்பணம் கொடுத்துவிட்டு டிசம்பரில் மெத்தையையும் சான்றிதழ்களையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இன்னொரு காரணம் வேலை. சேர்ந்த இடத்திலேயே ஆறு மாதம் நீடிப்பவர்கள் குறைவு. அம்பத்தூரில் சேர்த்து ஒரகடத்துக்கு மாற்றுவார்கள். கிண்டியில் பயிற்சி கொடுத்து சிறுசேரிக்கு அனுப்புவார்கள். வேலை எங்கே நிலைக்கும் என்று தெரியாமல் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், தினமும் இரண்டு மூன்று வண்டி மாறி நான்கு மணி நேரத்தைச் சாலையில் தொலைக்க நேரும். சென்னையில் இளைஞர்களை உடைப்பது பெரும்பாலும் இந்த அலைச்சல்தான் என்று நான் நினைக்கிறேன். சாப்பாட்டையும் தூக்கத்தையும் அது ஒருசேரத் தின்றுவிடுகிறது.

எப்படிப் போய் இறங்குவது? 2023 ஜூனிலிருந்து போடிநாயக்கனூருக்கும் சென்னைக்கும் நேரடி ரயில் இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள், இரவு வண்டி. பெரியகுளத்துக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும் தேனிக்குப் போய் ஏறிக்கொள்ளலாம். ஆனால் இது எழும்பூருக்குப் போகாது. சேலம், காட்பாடி வழியாகச் சுற்றி சென்ட்ரலில் போய் நிற்கும். சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ ரயில் அங்கேயே கீழே இருக்கிறது. சாலையைக் கடந்தால் பார்க் நிலையத்தில் தாம்பரம் மின்சார ரயில். உங்களுக்கு வேலை தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் என்றால் சென்ட்ரல்வரை போய்த் திரும்பி வருவது வீண். வத்தலக்குண்டு வழியாகக் கொடைரோடு போய்ப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடியுங்கள், விடியற்காலையில் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம்.

பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அண்ணன்மார் இறங்கிய கோயம்பேடு இப்போது தெற்கு மாவட்ட அரசுப் பேருந்துகளின் கடைசி நிறுத்தம் அல்ல. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தார்கள். அது வண்டலூரை ஒட்டி, தாம்பரத்துக்கும் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து தாம்பரம், கிண்டி, கோயம்பேடு எல்லாவற்றுக்கும் மாநகரப் பேருந்து உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில், அதாவது ஓ.எம்.ஆரில் வேலை என்றால் நகரத்துக்குள்ளேயே போக வேண்டாம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் நேராகப் போய்விடலாம். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. செயலியில் வண்டி பிடிக்கும்போது இந்த இரண்டையும் மாற்றித் தட்டிவிட்டுப் பணத்தை இழக்கிறவர்கள் உண்டு, இரண்டு தடவை படித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கும். மின்சார ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்தால், தினமும் தனித்தனியாக டிக்கெட் எடுக்கும் செலவில் பாதிகூட ஆகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை எடுத்துவிடுங்கள்.

தங்குமிடத்துக்கு வருகிறேன். ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தென்மாவட்டத்து வாலிபர்கள் வந்திறங்கிய அறைகள் அவை. அறை சின்னது, கழிப்பறை பொது. ஆனால் பெரிய முன்பணம் இல்லை, கேட்ட மாதத்தில் காலி செய்யலாம், இறங்கி நடந்தால் மெஸ் சாப்பாடு, இன்னும் கொஞ்சம் நடந்தால் கடற்கரை. வேலை நகரத்துக்குள் இருந்தால் முதல் நான்கு மாதத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம்.

பெண்களுக்கு நான் முதலில் சொல்வது அரசின் தோழி விடுதிகள். தாம்பரம், கூடுவாஞ்சேரி உட்படப் பல இடங்களில் நடக்கின்றன. இரண்டுமே மின்சார ரயில் தடத்தில் இருக்கின்றன. அங்கே இடமில்லை என்றால் தனியார் விடுதி. அப்போது வார்டனிடம் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: கலெக்டர் உரிமம் இருக்கிறதா, காட்ட முடியுமா? 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி எதுவும் பதிவும் உரிமமும் இல்லாமல் நடக்கக் கூடாது. உரிமத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் மகளை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். வாசலில் கேமரா, இரவுக் காவலர், இரண்டாவது மாடிக்கு மேல் இருந்தால் தீ விபத்தில் இறங்க இன்னொரு வழி, இவற்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

விடுதியையோ வீட்டையோ நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. நல்ல வீட்டின் படங்களைப் போட்டு, குறைந்த வாடகை சொல்லி, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்கள்" என்று பேசும் கும்பல்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பி, ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும், வராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வேலை விஷயத்தில் இரண்டே இரண்டு விதிகளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டு, நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு வாங்கி வாருங்கள். "எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள்" என்று மனிதவளப் பிரிவில் சொல்வார்கள். அசலை வைத்துக்கொள்வதன் நோக்கமே நீங்கள் நினைத்த நேரத்தில் போய்விடக் கூடாது என்பதுதான். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் சேர்த்துவிட்டு, அசலை ஊரிலேயே அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து நிறுவனம் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. வரம்பில் வந்தால், உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. காய்ச்சல் வந்து தனியார் மருத்துவமனைக்குப் போய் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிய பிறகுதான், தனக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவருகிறது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தால் அதன் நகலைக் கொண்டுபோங்கள்.

ஊர்க்காரர்களோடு தங்குவதா, வெளியாட்களோடு தங்குவதா என்றும் கேட்கிறார்கள். நம் பள்ளத்தாக்கிலிருந்து சென்னைக்குப் போனவர்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பண்ணைப்புரத்து இளையராஜா சகோதரர்களும் அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் 1960-களில் சென்னைக்குப் போனவர்கள். ஒரே மண்ணின் நண்பர்கள், ஒருவருக்கொருவர் கையூன்றி நின்றார்கள். 'அன்னக்கிளி' 1976-இல்தான் வந்தது; '16 வயதினிலே' அடுத்த ஆண்டு. நடுவில் கழிந்த வருடங்களில் தொழிலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் வேலை பார்த்தார். ஒருவர்கூட நம் பக்கத்து ஆள் இல்லை. அறைச் செலவையும் சோற்றையும் ஊர்க்காரர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள், அது தெம்பு. வேலையைக் கற்றுக்கொள்வதற்கு முன்பின் தெரியாத, மொழிகூட வேறான ஒருவரைத் தேடிப் போங்கள். அலுவலகத்திலும் தேவதானப்பட்டி ஆட்களோடு மட்டுமே சாப்பிடப் போகிறவருக்கு ஊரைவிட்டுக் கிளம்பியதில் பாதிப் பலன் போய்விடுகிறது.

இந்த நான்கு மாதத்தில் சென்னையைப் படிக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஒரு ஞாயிறு ஒரு தடம் என்று வைத்துக்கொண்டு, முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம்வரை போய் வாருங்கள். நான் முதலில் அனுப்புவது கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில். பாலத்தின்மேல் ஓடும் அந்த வண்டியிலிருந்து சேப்பாக்கம் மைதானம், மயிலாப்பூர் மொட்டை மாடிகள், பக்கிங்காம் கால்வாய் என்று நகரத்தின் முதுகுப்புறம் முழுவதும் தெரியும். எந்தக் கால்வாய் எந்தக் குடியிருப்பை ஒட்டி ஓடுகிறது என்று சன்னல் வழியாகப் பார்த்து வைத்தால், பின்னால் வீடு தேடும்போது உதவும். இன்னொரு ஞாயிறு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு. அந்தத் தடத்தில்தான் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும் வாடகைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிக் கால் மணி நேரம் நடந்து பாருங்கள்.

சனிக்கிழமை மாலை கையில் காசில்லை என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896-இல் திறந்தது, நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் அங்கே உண்டு. ஒற்றை அறையில் நாலு பேர் இருந்துகொண்டு படிக்க முடியாதவர்களுக்கு அந்த மேசை பெரிய கொடை. ஜனவரியில் புத்தகக் காட்சி, 1977-இலிருந்து நடக்கிறது.

என் மனசுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச்வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் நடந்து போகிறது. வழியில் கிடைக்கும் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழியில் சேர்க்கிறார்கள். விடிய விடிய நடை, பேச்சுக்குப் பேச்சு, பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள். புதிதாக வந்தவருக்கு நட்பு கிடைக்க இதைவிட நல்ல இரவு எனக்குத் தெரியாது.

கடல் என்றதும் ஒரு எச்சரிக்கை; இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் பிள்ளைகள் கிணற்றிலும் மஞ்சளாற்றிலும் நீந்திப் பழகியவர்கள், அந்தத் தைரியத்தில் மெரினாவில் இறங்கிவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீர் உங்களை இழுக்காது. மெரினாவில் கரைக்கு வந்த அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் அந்த இழுப்புக்கு எதிராகக் கை வீசினால் களைத்துப்போவீர்கள். அங்கே குளிக்கக் காவல்துறை தடை வைத்திருப்பது இதனால்தான். கால் நனைப்பதோடு நில்லுங்கள். கூட வந்த நண்பனையும் நிறுத்துங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் கை வறண்டால் அம்மா உணவகத்துக்குப் போகக் கூச்சப்பட வேண்டாம்; 2013-இலிருந்து இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

முதல் இரண்டு மாதம் மனசு வெறிச்சென்று இருக்கும். இரவில் அறைக்கு வந்ததும் அழுகை வருவதும், ஞாயிற்றுக்கிழமை காரணமில்லாமல் படுத்தே கிடப்பதும் நிறையப் பேருக்கு நடக்கிறது, நீங்கள் மட்டும் பலவீனமானவர் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள். இது அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். பெற்றோருக்கும் ஒன்று: "சாப்பிட்டியா?"வுக்கு அடுத்து "யார் கூடச் சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாகவே சாப்பிடுகிறான் என்ற பதில் தொடர்ந்து வந்தால் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். மாசி மகாசிவராத்திரிக்கு நம் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் திருவிழாவுக்கு வர ஆசைப்படுகிறவர்கள், ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அக்டோபரில் மழை வந்துவிட்டது, இப்போது வீடு தேடலாம். மழை நின்ற மறுநாள் காலையில் போங்கள். தெருவில் எங்கே தேங்கியிருக்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரரைவிட எதிர் மளிகைக்கடைக்காரரும் இஸ்திரி போடுகிறவரும் உண்மையைச் சொல்வார்கள். "2015-இல் இங்கே எதுவரைக்கும் வந்துச்சு? மிக்ஜாமுக்கு?" என்று கேளுங்கள்; கையை இடுப்பிலோ மார்பிலோ வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது குடிதண்ணீர். முல்லைப் பெரியாறும் சோத்துப்பாறையும் மஞ்சளாறும் இருக்கும் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் ஒரு செலவு என்பதே புதிதாக இருக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, போர் தண்ணீர் மட்டுமா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசை யார் தருவது? இவற்றை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பாருங்கள், ஓ.எம்.ஆர். பக்கத்தில் பல வீடுகளில் உப்புக் கரிக்கும்.

மின் கட்டணத்தில் ஏமாறுவது சுலபம். ஒரு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். ஒரே இணைப்பை மூன்று போர்ஷனுக்குப் பிரித்து உள்மீட்டர் வைத்திருந்தால், இலவசம் உங்களுக்கு வந்துசேராது, மூன்று வீட்டு உபயோகமும் சேர்ந்து உயர்ந்த விலைக்குப் போய்விடும். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள்.

சில இடங்களில் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, கடைசியில் சாதிக்கு வந்து நிற்பார்கள். மதம் கேட்டுக் கதவை மூடுகிறவர்களும் உண்டு. அங்கே நின்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் குடிபோனாலும் நிம்மதி இருக்காது. அடுத்த தெருவுக்கு நடங்கள்.

முன்பணம் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. 'வேறு உடன்பாடு இல்லாவிட்டால்' என்பதைக் கவனியுங்கள். பத்து மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. ஆகவே பேசவேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். காலி செய்தால் முன்பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவார், வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

சாவி வாங்கும் அன்று சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், ஒழுகும் குழாய், உடைந்த டைல்ஸ், மின் மீட்டரில் ஓடியிருக்கும் எண், எல்லாம் அதில் பதிவாகட்டும். அன்றைக்கே அதை வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். மார்கழியில் குடிபோக வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், கார்த்திகை முடிவதற்குள் முடியவில்லை என்றால் விடுதி வார்டனிடம் இன்னும் ஒரு மாதம் சொல்லி வையுங்கள். தை பிறந்ததும் காலியாகும் வீடுகள் நிறைய வரும்.